காத்திருக்கத் தெரிந்த இணைப்பு

வைகுண்ட ஏகாதசி விடியற்காலை, ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறக்கிறது. ரத்னாங்கியில் நம்பெருமாள் வெளியே வருகிறார். "ரங்கா, ரங்கா" என்ற குரலோடு ஆயிரக்கணக்கான கைகள் செல்போனை உயர்த்துகின்றன. எடுத்த படத்தைச் சென்னையில் இருக்கும் மகளுக்கு அனுப்ப வேண்டும். திரையின் மேல்மூலையில் சிக்னல் கோடுகள் அத்தனையும் நிறைந்திருக்கின்றன. படம் மட்டும் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதே போனில் "தரிசனம் ஆச்சு" என்று ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கோடுகள் நிறைந்திருந்தும் படம் ஏன் போகவில்லை? படம் போகாத இடத்தில் எஸ்.எம்.எஸ். எப்படிப் போகிறது? இதற்கு விடை தேடிப் போனால், பணமும் வசதியும் இல்லாத தொண்டு அமைப்புகள் மாஸ்கோவிலும் புதுச்சேரியிலும் எப்படி இணையத்தைக் கைக்கொண்டன என்பதும் விளங்கிவிடும்.

முதலில் அந்தக் கோடுகள். டவர் இடைவிடாமல் ஒரு குறிப்பலையை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது எவ்வளவு வலுவாகக் காதில் விழுகிறது என்பதைப் போன் அளந்து கோடுகளாகக் காட்டுகிறது. அதாவது டவர் பேசுவது நமக்குக் கேட்கிறது என்பதற்கு மட்டுமே அந்தக் கோடுகள் சாட்சி. டவரிடம் நமக்காக இடம் மிச்சமிருக்கிறதா என்பதை அவை சொல்வதில்லை. இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அமைப்புகளுக்குள் சிம் நிலை என்ற பகுதியில் சிக்னலின் வலிமை எண்ணாகத் தெரியும். ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதியில் ஒரே இடத்தில் நின்று சாதாரண நாளில் ஒருமுறையும் திருவிழா நாளில் ஒருமுறையும் அந்த எண்ணைப் பாருங்கள். பெரிய வேறுபாடு இருக்காது. வேறுபடுவது அந்த டவரைப் பங்குபோடும் மனிதர்களின் எண்ணிக்கைதான்.

பங்கு எவ்வளவு என்று பார்ப்போம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையில் இயங்கும் ஒரு 4ஜி பிரிவு, நம் போன்களிலிருந்து டவருக்குப் போகும் திசையில் ஏட்டளவில் நொடிக்கு 50 மெகாபிட் வரை தாங்கும். ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் படம் அனுப்பினால் ஆளுக்கு 50 கிலோபிட். 3 மெகாபைட் படம் ஒன்று போய்ச் சேர எட்டு நிமிடம் ஆகும். இதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான். நடைமுறையில் ஒருவர் அலை இன்னொருவர் அலையில் குறுக்கிடும், பாதியில் அறுந்தது மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அதனால் நெரிசல் இன்னும் கூடும்.

நெரிசலுக்கென்று ஒரு கணிதம் உண்டு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் என்ற டென்மார்க்காரர் 1909-இல் அதைத் தொடங்கிவைத்தார். அழைப்புகள் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை, தாறுமாறாகத்தான் வரும் என்பதிலிருந்து அவர் கணக்குப் போட்டார். அவர் வழியில் பின்னர் வளர்ந்த வரிசைக் கோட்பாடு ஒரு வியப்பான முடிவைத் தருகிறது. ஒரு தடம் பாதியளவு நிறைந்திருந்தால், காலியாக இருக்கும்போது ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆகும். 90 விழுக்காடு நிறைந்தால் பத்து மடங்கு. 95 விழுக்காடானால் இருபது மடங்கு. கடைசி ஐந்து விழுக்காட்டுக் கூட்டம் முந்தைய தாமதத்தை அப்படியே இரட்டிப்பாக்கிவிடுகிறது. நன்றாக இருந்த இணைப்பு படிப்படியாக மெதுவாகாமல் திடீரென்று நின்றுபோனதுபோல் நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

எஸ்.எம்.எஸ். இந்த நெரிசலில் தப்பிப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அளவும் அது போகும் தடமும். ஒரு எஸ்.எம்.எஸ். 140 பைட்டுக்குள் அடங்கிவிடும். அந்த 3 மெகாபைட் படம் அதைப்போல் இருபதாயிரம் மடங்குக்கும் மேல். போனும் டவரும் தங்களுக்குள் 'நான் இங்கே இருக்கிறேன்', 'உனக்கு அழைப்பு வருகிறது' என்று பேசிக்கொள்ள ஒரு தனித் தடம் வைத்திருக்கின்றன. எஸ்.எம்.எஸ். அந்தக் கட்டுப்பாட்டுத் தடத்திலேயே ஒட்டிக்கொண்டு போகும்படி வடிவமைக்கப்பட்டது. இன்றைய 4ஜியிலும் அதற்குக் கட்டுப்பாட்டுத் தடமோ முன்னுரிமை உள்ள தடமோ கிடைக்கிறது.

தமிழில் அனுப்புகிறவர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆங்கில எழுத்துகள் 140 பைட்டில் 160 பிடிக்கும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் இரண்டு பைட் கேட்பதால் 70 தான் பிடிக்கும். 'ஸ்ரீரங்கம்' என்ற ஊர்ப் பெயருக்கு மட்டும், புள்ளியும் ஈகாரக் குறியும் சேர்த்து எண்ணினால், பத்துக் குறியீடுகள். 'திருச்சிராப்பள்ளி'க்குப் பதினேழு.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. அம்மா மண்டபத்தருகே ஒரு தபால் பெட்டியில் கடிதம் போடுகிறோம். ஸ்ரீரங்கம் தபால் நிலையம் அதை எடுத்து வைக்கிறது. அங்கிருந்து திருச்சி ஆர்.எம்.எஸ்., அங்கே பிரித்துக் கட்டி ரயிலில் ஏற்றுகிறார்கள். ரயில் தாமதமானால் மூட்டை காத்திருக்கிறது. பெறுபவர் வீட்டில் இல்லையென்றால் தபால்காரர் மறுநாள் வருகிறார். இந்தப் பயணம் முழுவதிலும், அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே நேரத்தில் தயாராக இருக்க வேண்டிய கட்டாயம் ஒரு கணமும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த கட்டம் திறந்திருந்தால் போதும். எஸ்.எம்.எஸ்.ஸும் அப்படித்தான். முதலில் அது நிறுவனத்தின் செய்தி மையத்தில் போய்த் தங்குகிறது. பெறுகிறவரின் போன் அணைந்திருந்தால் மையம் வைத்திருந்து மீண்டும் மீண்டும் முயல்கிறது. பொறியாளர்கள் இதை 'ஸ்டோர் அண்ட் ஃபார்வேர்ட்' என்கிறார்கள். சேமித்து அனுப்பும் முறை என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்ஆப்பில் நாள்தோறும் பார்க்கும் குறிகளும் இதே வேலையின் தடயங்கள்தான். கடிகாரக் குறி என்றால் செய்தி இன்னும் உங்கள் போனிலேயே தங்கியிருக்கிறது. ஒரு டிக், நிறுவனத்தின் கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு டிக், எதிராளியின் போனை எட்டிவிட்டது. எட்டாத செய்தியை அந்த நிறுவனம் 30 நாள் வரை வைத்திருக்கிறது.

நேரடிப் பேச்சு, வீடியோ, உடனுக்குடன் திறக்க வேண்டிய வலைப்பக்கம் ஆகியவற்றுக்கு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை முழுப்பாதையும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் காரியம் கெட்டது. சேமித்து அனுப்பும் முறைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பணக்கார நாடுகளில் கண்ணிகள் எல்லாம் வலுவாக இருந்ததால் அங்கே இந்த முறை பழையதாகத் தோன்றியது. கண்ணிகள் வலுவற்ற நாடுகளில் இதுவே உயிர்நாடி ஆனது.

சோவியத் ஒன்றியம் அப்படிப்பட்ட இடம். அங்கே தொலைபேசிக் கம்பிகள் இரைச்சலும் அறுப்பும் நிறைந்தவை. வெளிநாட்டு இணைப்புகளோ மிகக் குறைவு. 1990-இல் மாஸ்கோவின் குர்ச்சாத்தவ் அணுசக்தி நிறுவனத்துக் கணினியாளர்களும் தேமோஸ் என்ற கூட்டுறவு அமைப்பினரும் சேர்ந்து ரெல்காம் என்ற வலையமைப்பைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1970-களில் உருவான யு.யு.சி.பி. என்ற மென்பொருள் வழிமுறைதான் அதற்கு அடித்தளம். ஒரு கணினி இன்னொரு கணினியைச் சாதாரணத் தொலைபேசியில் அழைக்கும். இரண்டும் தங்களிடம் சேர்ந்திருக்கும் கடிதக் கட்டுகளை மாற்றிக்கொண்டு தொடர்பைத் துண்டித்துவிடும். நடுவில் கம்பி அறுந்தால் கட்டு பத்திரமாக இருக்கும், அடுத்த அழைப்பில் போகும். 1990 ஆகஸ்ட் மாதம் மாஸ்கோவிலிருந்து பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கு இப்படித்தான் ஒரு பாதை திறந்தது.

ஓராண்டு கழித்து அதற்கு ஒரு சோதனை வந்தது. 1991 ஆகஸ்ட் 19 அன்று சோவியத் அதிபர் கொர்பச்சோவை வீட்டுக்காவலில் வைத்து ஒரு குழு ஆட்சியைப் பிடிக்க முயன்றது. அரசுத் தொலைக்காட்சியில் 'அன்ன ஏரி' பாலே நடனம் ஓடிக்கொண்டிருந்தது. பல பத்திரிகைகள் முடக்கப்பட்டன. ஆனால் ரெல்காம் அந்த மூன்று நாளும் ஓடியது. நகரத்தில் என்ன நடக்கிறது என்ற செய்திகள் வெளிநாட்டுக்குப் போயின, வெளிநாட்டுச் செய்திகள் உள்ளே வந்தன. ஓர் ஊர்க் கணினிக்கு நேர்வழி இல்லாவிட்டாலும் இன்னோர் ஊர்க் கணினி வாங்கி வைத்து அனுப்பியது. அதே காலத்தில் மாஸ்கோவில் கிளாஸ்நெட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு, சுற்றுச்சூழல் குழுக்கள், ஆசிரியர்கள், மனித உரிமைக்காரர்கள் போன்றோருக்கு மின்னஞ்சல் வசதி செய்து கொடுத்தது. ஒன்றியம் உடைந்த பிறகு பணம் வரத் தொடங்கியது. 1996-இல் ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் 33 இணைய மையங்கள் அமைக்கும் திட்டத்தை ஜார்ஜ் சோரோஸ் அறிவித்தார். 2000-களின் தொடக்கத்தில் ஜார்ஜியா முதல் உஸ்பெகிஸ்தான் வரை எட்டு நாடுகளின் கல்வி நிறுவனங்களுக்கு 'மெய்நிகர் பட்டுப்பாதை' என்ற பெயரில் செயற்கைக்கோள் இணைப்பை நேட்டோவின் அறிவியல் பிரிவு கொடுத்தது. ஆனால் தொண்டர்கள் முதலில் உலகத்தோடு பேசியது அந்த இரைச்சல் நிறைந்த தொலைபேசிக் கம்பியில்தான்.

இந்தியாவும் இதே வாசல் வழியாகத்தான் நுழைந்தது. 1986-இல் தொடங்கிய எர்நெட் என்ற கல்வி வலையமைப்பில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஓர் உறுப்பு. அதிலும் ஆரம்பத்தில் தொலைபேசியில் அழைத்துக் கடிதக் கட்டுகளை மாற்றிக்கொள்ளும் இதே யு.யு.சி.பி.தான். பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று.

அடுத்த மூன்றாண்டுக்குள் நம் பக்கத்திலேயே ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் நிதியுதவியோடு புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். அங்கே மட்டும் தொலைபேசி வழி இணையம். அங்கிருந்து எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களுக்கு வி.எச்.எஃப். வானொலிக் கருவிகள், மின்வெட்டைச் சமாளிக்கச் சூரியப் பலகைகள். வில்லியனூரில் இறக்கிய தகவலைத் தமிழாக்கி ஊர்களுக்கு அனுப்புவார்கள்; ஊர்த் தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள், அதை எழுதி ஒட்டுவார்கள், படித்துச் சொல்வார்கள். எம்பலத்தில் மையம் இருந்தது கோயில் வளாகத்தில். கோயிலுக்குள் எல்லோரும் போக முடியாத அந்த ஊரில் தகவல் மையத்துக்குள் எந்தச் சாதிக்காரரும் எந்த நாளும் வரலாம். அந்தத் திட்டத்தின் சாதனைகளில் இதையே முதன்மையானதாக நான் கருதுகிறேன்.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே தேவைப்பட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் வங்கக் கடலின் அலை முன்கணிப்பு வெளியாகிவந்தது. அதை இறக்கித் தமிழில் சொல்லி ஒலிபெருக்கியில் விடுவார்கள். கடலுக்குப் போகும் முன் ஊரே கேட்கும்.

ஒலிபெருக்கியை எளிய பொருள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதில் ஓர் அறிவியல் இருக்கிறது. செல்போன் டவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்புவதால் ஆள் கூடக்கூடத் திணறுகிறது. ஒலிபரப்பு அப்படியில்லை. திருச்சி வானொலி 1939-இல் தொடங்கியபோது பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் நிலையத்துக்கு ஆன செலவு ஒன்றுதான். கேட்பவர் எண்ணிக்கை கூடினால் ஒலிபரப்பில் நெரிசல் வராது. திருவிழாவில் காணாமற்போன குழந்தையின் பெயரை இன்றும் ஒலிபெருக்கியில் சொல்வது காரணமில்லாமல் இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஒலிபெருக்கி உயிர் காத்தது. புதுச்சேரிக் கடலோரத்தில் நல்லவாடு என்ற ஊர். அங்கும் ஒரு தகவல் மையம் இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைப் பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊர்க்காரர்கள் மையத்தின் பூட்டை உடைத்து ஒலிபெருக்கியை இயக்கினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். ஒரு தொலைபேசி அழைப்பு நாடு கடந்து வந்தது. கடைசி சில நூறு மீட்டரைக் கடந்தது ஒலிபெருக்கி.

காத்திருக்க முடியாத வேலைகளும் உண்டு. தேனி மாவட்டக் கிராமத்தில் கண் மங்கிய ஒரு பாட்டியைத் தேனி நகரத்தில் இருக்கும் மருத்துவர் பார்க்க வேண்டும், பேச வேண்டும். அதற்கு நேரடி வீடியோ தேவை. அரவிந்த் கண் மருத்துவமனை கிராமப் பார்வை மையங்களை அமைத்தபோது, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழு துணைக்கு வந்தது. கேபிள் இல்லாத இடத்தில், வீடுகளில் இருக்கும் அதே மலிவான வை-ஃபை கருவியைப் பல கிலோமீட்டருக்கு நீட்ட முடியுமா என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. 2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது இதற்கு வழி செய்தது.

அலையைக் குவித்து அனுப்பும் ஆன்டெனாவை உயரத்தில் கட்டி, இரு முனைகளுக்கும் நடுவே மரமும் மேடும் மறைக்காமல் பார்த்துக்கொண்டால் அலை போய்விடும். திருச்சி மலைக்கோட்டை உச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் எப்படி நேராகத் தெரிகிறதோ அந்த நேர்க்கோட்டுப் பார்வைதான் வேண்டும். ஆனால் அலை எட்டியும் தகவல் எட்டவில்லை. காரணம் வை-ஃபையின் பழக்கம். ஒரு துண்டுத் தகவலை அனுப்பியதும் 'கிடைத்தது' என்ற பதிலுக்காக அது மிகச் சிறிது நேரம்தான் காத்திருக்கும்; வீட்டுக்குள் அது போதும். வானொலி அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகிறது. மலைக்கோட்டைக்கும் ராஜகோபுரத்துக்கும் இடையே சுமார் 12 மைக்ரோ நொடி. 15 கிலோமீட்டர் என்றால் போக 50, வர 50. பதில் வழியில் இருக்கும்போதே அனுப்பியவர் பொறுமை இழந்து, தகவல் தொலைந்தது என்று முடிவுகட்டி, மறுபடி அனுப்பத் தொடங்கிவிடுகிறார். புதிதாக அனுப்பியதும் வந்துகொண்டிருந்த பதிலும் மோதிக்கொள்கின்றன.

ஆய்வாளர்கள் கருவியை மாற்றவில்லை. அதற்குள் இருக்கும் மென்பொருளை மாற்றினார்கள். இரு முனைகளும் முறைவைத்துப் பேசும், ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பதில் கேட்காமல் பல துண்டுகளுக்கு மொத்தமாக ஒரே பதில் வரும். இதனால் வீடியோவுக்குப் போதுமான நொடிக்குச் சில மெகாபிட் வேகம் கிடைத்தது. இதே குழுவின் மென்பொருளைக் கொண்டு 2007-இல் வெனிசுலாவில் 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வை-ஃபை எட்டியது.

அவர்கள் பதிவு செய்த இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. கிராமத்தில் கருவிகள் செத்துப்போனதற்குப் பெரும்பாலும் அலை காரணமில்லை, மின்சாரம்தான் காரணம். மின்னழுத்தத்தை அளக்கும் கருவியைப் பொருத்தி நாள்கணக்கில் பதிவு செய்து பார்த்தபோது, கருவியை எரித்துவிடும் அளவுக்கு அது எகிறுவது தெரிந்தது. ஆகவே கிராம இணைப்புக்கு நல்ல மின்காப்பும், பழுது பார்க்கத் தெரிந்த உள்ளூர் ஆட்களும் முக்கியம்.

இன்று தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்கு ஒளியிழை கொண்டுசெல்லும் பாரத்நெட் பணி நடக்கிறது. அது வரட்டும், வரவேண்டும். ஒளியிழை ஊராட்சி அலுவலகம் வரை வரும். தொண்டு அமைப்பின் களப்பணியாளர் போகும் இடமோ அதற்கு அப்பால். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு 1987-இல் தொடங்கிய கிராமாலயா என்ற தொண்டு அமைப்பு கழிப்பறைத் திட்டங்களை நடத்துகிறது. ஸ்கோப் அமைப்பு முசிறியில் சூழல் காக்கும் கழிப்பறைகளை அமைத்தது. இத்தகைய வேலை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பதில் தொடங்குகிறது. துறையூரைத் தாண்டிப் பச்சைமலையில் ஏறினால் மலை மடிப்புகளில் டவரின் அலை மறைந்துவிடும். மலை மறைக்கும் அலையை 5ஜி என்ற பெயர் கொண்டுவந்துவிடாது. அதிர்வெண் கூடக்கூட அலை தடைகளைச் சுற்றி வளைவது குறையத்தான் செய்யும்.

இங்கே பழைய முறை புதிய உருவில் உதவுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008-இல் தொடங்கிய ஓ.டி.கே., அதன்மேல் எழுந்த கோபோ டூல்பாக்ஸ் ஆகிய கணக்கெடுப்பு மென்பொருள்கள் படிவத்தைப் போனிலேயே சேமிக்கின்றன. மலையிலிருந்து இறங்கிச் சிக்னல் கிடைத்ததும் அனுப்புகின்றன. ஓ.டி.கே. திறமூல மென்பொருள், கோபோவில் தொண்டு அமைப்புகளுக்கு இலவச வாய்ப்பும் உண்டு. கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையமே இல்லாத பள்ளியிலும் படிக்கலாம். செவ்வாயில் இருக்கும் விண்கலங்களோடு பேசுவதற்காக இணைய முன்னோடி வின்ட் செர்ஃப் முதலியோர் வகுத்த தாமதம் தாங்கும் வலையமைப்பும் இதே கருத்தில் பிறந்ததுதான். கிரகங்களுக்கு இடையே முழுப்பாதையும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவு தெரிந்தும், களப்பணியாளர் கையில் கொடுக்கப்படும் செயலிகளில் பல இணைப்பு அறுந்த கணமே நிரப்பிய படிவத்தைத் தொலைத்துவிடுகின்றன. ஓ.டி.பி. வராவிட்டால் அடுத்த பக்கம் திறப்பதில்லை. ஒரு பெண் நாள் முழுக்க நடந்து சேர்த்த தகவல் இப்படி வீணாவது பொறுக்கத்தக்கதல்ல. தொண்டு அமைப்புகளுக்கு நிதி கொடுப்பவர்களும் மென்பொருள் செய்து தருபவர்களும் ஒரு சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். செயலியை ஏற்றுக்கொள்ளும் முன் போனை விமான நிலையில் போட்டு, ஒரு படிவத்தை முழுதும் நிரப்பி, போனை அணைத்து, மறுநாள் இணைப்போடு திறந்து பாருங்கள். படிவம் அப்படியே இருந்து தானாகப் போய்ச் சேர்ந்தால் மட்டும் அந்தச் செயலிக்குப் பணம் கொடுங்கள்.